பிள்ளையைக் காணோமா? தப்படித்துத் தெருவுக்குச் சொல்லும் முறை

பிள்ளையைக் காணோம் என்றதும் தப்பை, அதாவது பறையை, தூக்காதீர்கள். முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்: கட்டிலடி, அலமாரி, காரின் டிக்கி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு நீச்சல்குளம். டர்பன் நகரில் நம் தமிழர் வாழும் சாட்ஸ்வர்த் பகுதி என்றால் ஓடைக்கரை, உம்லதுசானா ஆற்றங்கரைப் பக்கம் உடனே ஓர் ஆளை அனுப்புங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் போலீஸ் நிலையம் போகவேண்டும். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது வெறும் பேச்சு, அப்படி ஒரு விதியே தென்னாப்பிரிக்காவில் கிடையாது. அண்மையில் எடுத்த படத்தைக் கொடுத்து எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கப் போலீஸ்) 55(ஏ) படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். படத்தைப் போலீஸ் வெளியிட அதுதான் அனுமதி. தெருவில் அறிவிக்கலாமா என்று விசாரணை அதிகாரியைக் கேளுங்கள். கடத்தல் என்று சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்பார், கேட்டு நடங்கள்.

குழுவுக்கு ஆறு பேர் போதும்: தப்புக்கு இருவர், குரல் கொடுக்க ஒருவர், ஜூலு பேச ஒருவர், பெரிதாக்கிய படத்தைப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர். கூடவே ஊர் சேர்ந்தால் அது ஊர்வலம். 15 பேரைத் தாண்டினால், கூட்டம் கூட முன்னறிவிப்புக் கேட்கும் சட்டம் குறுக்கே வரலாம்.

டர்பன் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து பொத்துப் பொத்தென்று கேட்கும், நாலாவது வீட்டுக்கே எட்டாது. பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, தோலை நெருப்புக்குக் காட்டி, தப்பைச் சுற்றிக்கொண்டே காய்ச்சுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் வெடித்துவிடும். விரலால் சுண்டினால் கணீரென வரவேண்டும். நடக்க நடக்க மறுபடி தொய்யும், காகிதமும் தீப்பெட்டியும் கையோடு இருக்கட்டும்.

பலர் சறுக்குவது அடியில்தான். நம்மூரில் தப்புச் சத்தம் கேட்டால் சாவு, இல்லையேல் காவடி. சாவு அடி அடித்தால் சனம் கதவைச் சாத்திக்கொள்ளும். காவடி அடி என்றால் பொடிசுகள் ஆட வந்துவிடும். தண்டோரா அடிதான் வேண்டும்: பத்து விநாடி வேகமாக அடித்து, சட்டென்று நிறுத்துங்கள். அந்த நிசப்தத்தில்தான் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள்.

உடனே சொல்லுங்கள்: "வயது 6. சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை. இன்று மதியம் 2 மணிக்குக் கடை வாசலில் நின்ற பிள்ளை. பார்த்தவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், இல்லை போலீஸ் எண் 10111-க்கு அடியுங்கள்." இதற்கு மேல் வேண்டாம். பெற்றோரின் எண்ணைக் கூவக்கூடாது, பணம் பறிக்கிறவன் அதைத்தான் தேடுவான். இளசுகளுக்குத் தமிழ் எட்டாது. முதலில் இங்கிலீஷ், பிறகு ஜூலு, பாட்டிமாருக்காகக் கடைசியில் தமிழ்.

சொல்லி முடித்ததும் பிள்ளையின் பெயரை ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுவிட்டு, ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்காமல் காது கொடுங்கள். சின்னப் பிள்ளை தப்புச் சத்தத்துக்கே பயந்து பதுங்கும். அழுகையோ முனகலோ இருந்தால் இப்போதுதான் கேட்கும். மேட்டு வீடுகளுக்கு நடுவே கார் ஏறாத படிக்கட்டுச் சந்துகளை விடாதீர்கள். அந்தச் சந்துகளுக்காகத்தான் ஒலிபெருக்கி வண்டியை விட்டுத் தப்பை எடுக்கிறோம்.

ஒருவர் "பார்த்தேன்" என்றால் வீட்டு எண், நேரம், எந்தத் திசை என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "சிவப்புச் சட்டைதானே?" என்று எடுத்துக்கொடுத்தால் ஆமாம் என்றுதான் சொல்வார். "என்ன உடுத்தியிருந்தது?" என்று கேளுங்கள்.

அன்றிரவு கோயிலில் தெருக்கூத்து, அதாவது இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்பது, இருந்தால் இன்னும் நல்லது. விடிய விடியக் கூட்டம் இருக்கும். காட்சி மாறும்போதெல்லாம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து இதே நாலு வரியைச் சொல்லட்டும். அந்த இடத்தில் நையாண்டி கூடாது. காணாமல்போனதை நடித்துக் காட்டவும் கூடாது. பார்க்கிறவன் நடிப்பைத்தான் நினைவில் வைப்பான், சட்டை நிறத்தை அல்ல.

பிள்ளை கிடைத்ததும் முதலில் போலீஸுக்குச் சொல்லிப் பதிவை முடியுங்கள். பிறகு அதே தெருக்களில், அதே அடியோடு, "பிள்ளை கிடைத்துவிட்டது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் விட்டால் ஊர் தேடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை தப்பு கேட்டால் வாசலுக்கு வராது.