வளைகாப்புக்கு முன்பே வகுப்புக்குப் போங்கள்

முதல் பிரசவமா? கர்ப்பகால வகுப்பை வளைகாப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கணவர் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர். சேர்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

எங்களுக்குப் பெரிதும் உதவியது வலியைக் கணக்கிடக் கற்றதுதான். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று கணவர் குறித்துக்கொள்ள வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கணக்கெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவமனைதான். வண்டி இல்லையென்றால் 108.

அப்புறம், வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் மனைவியின் அடிமுதுகை அழுத்திப் பிடிப்பது. வகுப்பில் என் கணவர் கூச்சத்தில் லேசாகத் தொட்டார். செவிலியர் அவர் கைமேல் தன் கையை வைத்து, "இன்னும் அழுத்துங்க தம்பி" என்றார். பிரசவ அறையில் அந்த அழுத்தம்தான் எனக்குத் துணை.

முடிந்தால் ஒரு நாள் அம்மாவையும் கூட்டிப்போங்கள். குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று சேனை தொட்டு வைக்க வேண்டாம், பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தால் போதும் என்று மருமகன் சொல்வதைவிடச் செவிலியர் சொன்னால் கேட்பார்.