வெள்ளணு 18,000 என்றதும் ஸ்டீராய்டு எழுதாதீர்கள்

போன வாரம் ரவுண்ட்ஸில் முதலாண்டு பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) மாணவர் ஒருவர் உற்சாகமாகவே சொன்னார்: "சார், வெள்ளணு 18,000, காய்ச்சலும் இருக்கு. ஆல்கஹாலிக் ஹெபடைட்டிஸ்ல இது சகஜம்தானே? ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடலாமா?" அவராவது கேட்டார். நான் பி.ஜி.யாக இருந்தபோது யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன். குடியை நிறுத்தச் சொல்ல மறப்பது போன்ற தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஏ.எஸ்.டி. 180தானே என்று நிம்மதியாவது

ஆல்கஹாலிக் ஹெபடைட்டிஸ் எனும், குடியால் வரும் கல்லீரல் அழற்சியில், கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் இந்த நொதி 400-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆயிரக்கணக்கில் இருந்தால் வேறு காரணம் தேடுங்கள். தீவிரத்தைச் சொல்வது மஞ்சள் காமாலையின் அளவான பிலிருபினும், ரத்தம் உறைய ஆகும் பிராத்ராம்பின் நேரமும்தான்.

வெள்ளணு கூடினால் காவலும் கூடியதாக நினைப்பது

மது குடல் சுவரைத் தளர்த்திவிடும். பாக்டீரியாக்களின் உடைசல்கள், முக்கியமாக எண்டோடாக்சின், போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்கு வந்து சேரும். அங்கே குடியிருக்கும் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் அதை டி.எல்.ஆர்.4 ஏற்பியால் மோப்பம் பிடித்து, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, ஐ.எல்.-1பீட்டா, ஐ.எல்.-8 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களை வரிசையாகச் சுரக்கும். ஐ.எல்.-8 நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கும். வந்தவை கல்லீரல் செல்களையே பதம் பார்க்கும். கிருமியே இல்லாமல் காய்ச்சலும் வெள்ளணு உயர்வும் வருவது இப்படித்தான். அந்த மாணவர் சொன்னதில் இந்தப் பாதி சரி.

மறுபாதியில்தான் ஆள் போய்விடுகிறார். ரத்தத்தில் சுற்றும் அந்த நியூட்ரோஃபில்கள் சும்மா இருக்கும்போதே பரபரத்துக் களைத்தவை. நிஜமான பாக்டீரியா வந்தால் விழுங்கத் திராணி இருக்காது. மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் நிலைமையும் அதேதான். வீடு பற்றி எரிகிறது, காவல்காரனும் தூங்குகிறான்.

என் நோயாளி நாற்பதைத் தாண்டியவர். பிலிருபின் 16, வயிறு நிறைய நீர். "பிராத்ராம்பின் நேரம் கூடியிருக்கு, ஊசி போட்டா ரத்தம் வடியும், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வயிற்று நீரை எடுக்காமல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி. எழுதினேன். மறுநாள் காய்ச்சல் விட்டது. மருந்து கேட்கிறது என்று கேஸ் ஷீட்டில் பெருமையாகக் குறித்தும் வைத்தேன். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. நான்காம் நாள் பேச்சு குழறியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியது. அப்போது நீரை எடுத்தால், கன மில்லிமீட்டருக்கு 1,100 நியூட்ரோஃபில். 250 இருந்தாலே வயிற்று நீரில் தொற்று என்று கணக்கு. ஒன்பதாம் நாள் இறந்தார். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே டாக்டர், அப்புறம் எப்படி?" என்று அவர் மனைவி கேட்டார்.

ரத்தம் வடியும் என்ற அதே சாக்கை இன்றும் வார்டில் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ரத்தம் உறைவது தாமதமான நோயாளிக்கும் வயிற்று நீரை எடுக்கலாம், அதற்காக முன்கூட்டியே பிளாஸ்மா ஏற்றவும் வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை. கூடவே ரத்தக் கல்ச்சர், சிறுநீர்க் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே. தொற்று இருந்தால் ஸ்டீராய்டே கூடாது என்றும் இல்லை, முதலில் அதை அடக்கிவிட்டுக் கொடுக்கலாம். பிரிட்டனில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஸ்டோபா ஆய்வில், கடுமையான தொற்று பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் 13 சதவீதம், எடுக்காதவர்களில் 7 சதவீதம்.

டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்தால் போதும் என்பது

செய்து பார்த்தாயிற்று. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தின் ஆய்வைத் தொற்றுகளால் பாதியில் நிறுத்தினார்கள். அதே வகை மருந்தான எட்டனர்செப்ட் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அது கொடுக்காதவர்களைவிட அதிகம்.

ஏழாம் நாள் லில் மதிப்பெண்ணை மறப்பது

ஸ்டீராய்டு வேலை செய்கிறதா என்று சொல்லும் மதிப்பெண் இது. 0.45-ஐத் தாண்டினால் ஸ்டீராய்டை நிறுத்துங்கள்.

நாட்டு மருந்து எடுத்தாரா என்று கேட்காமல் விடுவது

கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் சொல்வார்கள்.