கணினியில் தமிழி எழுதும் முறை: ஒற்றுகள் கூட்டெழுத்தாகாமல் காப்பது

ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை அகழாய்வுகள் பேசப்படத் தொடங்கிய பின், திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக் கண்காட்சி, ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை எனப் பலவற்றிலும் ஊர்ப்பெயரைத் தமிழி எனப்படும் தமிழ் பிராமியில் பொறிக்கப் பலர் விரும்புகின்றனர். எழுத்து வடிவங்களைச் சரியாகத் தேர்ந்தெடுப்பவர்கள்கூட ஒற்று வரும் இடத்தில் தடுக்கி விழுகின்றனர். புள்ளியோடு தனித்து நிற்கவேண்டிய மெய், அடுத்த எழுத்தைத் தன் காலடியில் தொங்கவிட்டு, வடநாட்டுக் கல்வெட்டுகளில் வரும் கூட்டெழுத்தைப் போல அச்சாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் யூனிகோடு அமைப்பிலேயே இருக்கிறது. 2010இல் வெளிவந்த 6.0 பதிப்பில் பிராமி சேர்க்கப்பட்டபோது, பிராகிருதத்துக்கும் தமிழுக்கும் பொதுவாக 11046 என்ற எண்ணில் ஒரே விராமக் குறிதான், அதாவது மெய்யில் ஏறிய அகரத்தை நீக்கும் குறிதான், இருந்தது. இரண்டு மெய்களுக்கு நடுவே அதை இட்டால், அவற்றை இணைத்து அடுக்கவேண்டும் என்று எழுத்துரு பொருள்கொள்ளும். பிராகிருதத்துக்கு அது பொருத்தம், தமிழுக்குப் பொருந்தாது. 2021இல் வந்த 14.0 பதிப்பில்தான் தமிழுக்கென்று எப்போதும் புள்ளியாகவே நிற்கும் குறி 11070 என்ற எண்ணிலும், குறில் எகர, ஒகர உயிர்க்குறிகள் முறையே 11073, 11074 என்ற எண்களிலும் தனியாகக் கிடைத்தன. ஆகவே புதிதாகத் தட்டச்சு செய்பவர்கள் 11070ஐப் பயன்படுத்துவதே நல்லது.

தட்டச்சுக்கு முன் முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு. பழைய கல்வெட்டின் படியை எடுக்கிறோமா, புதிதாக ஒரு பெயரை எழுதுகிறோமா என்பதே அது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வகுத்த முறைப்படி, மிகப் பழைய தமிழியில் புள்ளியே கிடையாது. குறி எதுவும் ஏறாத எழுத்து தூய மெய்யாகவும், ஆகாரக் கோடு ஏறிய எழுத்து அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொதுவாகவும் வழங்கின. அடுத்த நிலையில் கோடு ஆகாரத்துக்கு மட்டுமே உரியதாயிற்று. கோடற்ற எழுத்து மெய்யா அகரமேறியதா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணரவேண்டும். தொல்காப்பியம் சொல்லும் புள்ளி மூன்றாம் நிலையில்தான் வருகிறது. எனவே சீவலப்பேரி அருகே மருகால்தலையில் 1906இல் கண்டறியப்பட்ட குகைக் கல்வெட்டைக் காட்சிப்பலகையில் எழுதுபவர், கல்லில் இல்லாத புள்ளியைத் தாமாகச் சேர்க்கலாகாது. ‘கொடுபித’ என்று ஒற்று இரட்டிக்காமல் நிற்கும் சொல்லை இக்கால வழக்குப்படி ‘கொடுப்பித்த’ என்று திருத்துவதும் தவறு. ஊர்ப்பலகை, அழைப்பிதழ் போன்றவற்றுக்கு மூன்றாம் நிலை முறையே தெளிவானது.

எடுத்துக்காட்டாகக் ‘கொற்கை’ என்ற பெயரைக் கொள்ளலாம். குறில் ஒகரம், றகர ஒற்று, ஐகாரம் ஆகிய மூன்றும் அதில் இருப்பதால் எழுத்துருவைச் சோதிக்கவும் அது உதவும். விண்டோஸில் வேர்டு அல்லது லிப்ரே ஆபீஸைத் திறந்து, 11013 என்று தட்டி உடனே ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ககரம் தோன்றும். அதே முறையில் 11074, 11036, 11070, 11013, 11043 ஆகியவற்றை இந்த வரிசையிலேயே இடவேண்டும். ஒகரக் குறி ககரத்துக்கு முன்னால் வரும் என்று எண்ணி மாற்றி இடக்கூடாது. ஒலிக்கும் வரிசையே தட்டும் வரிசை. ஐயம் எழுந்தால், ஓர் எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்து அதே விசைகளை மீண்டும் அழுத்த, அதன் எண் வெளிப்படும். நீண்ட பத்திகளை இப்படி எண்ணால் அடிப்பது வீண் உழைப்பு; அட்சரமுகம் என்ற இணைய எழுத்துமாற்றியில் தமிழில் இட்டுப் பிராமியாக மாற்றிக்கொண்டு, புள்ளிகளை மட்டும் இம்முறையில் சரிபார்ப்பது எளிது.

எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் பிராமியின் புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளலாம். தமிழிக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆதிநாதா என்ற எழுத்துருவும் உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழி வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாமினி என்ற அத்தகைய பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் என்னவாகும் என்பதை அச்சக வேலை தெரிந்த எவரும் அறிவர்.

திரையில் தெரிவதைக் கொண்டே குறையைக் கண்டறியலாம். வெறும் கட்டம் தெரிந்தால் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. 11070, 11073, 11074 மட்டும் கட்டமானால் எழுத்துரு 2021க்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். புள்ளிகளாலான வட்டம் தெரிந்தால் குறிகளின் வரிசை பிறழ்ந்திருக்கும், அல்லது மென்பொருள் அக்குறியை அறியாதது. றகரத்தின் கீழ் ககரம் தொங்கினால் 11046 இடப்பட்டிருக்கிறது. பழைய எழுத்துருவையே பயன்படுத்த நேர்ந்தால், 11046ஐ இட்டு, அதையடுத்துக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்புக் குறியான சீரோ விட்த் நான் ஜாய்னரைச் சேர்த்தால் அடுக்கு பிரிந்துவிடும். குறில் ஒகரத்துக்கும் அங்கே மாற்று வழி உண்டு: 11044 என்ற ஒகரக் குறியையடுத்து 11046.

திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டையிலோ பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது வேர்டு கோப்பைக் கொடுக்கவேண்டாம். பிராமி எழுத்துகள் யூனிகோட்டின் முதல் தளத்துக்கு வெளியே இருப்பதால், பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களில் அவை ஏறா. எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்தபின் அனுப்பவேண்டும். கடையில் கோரல் டிராவில் திறப்பார்களானால், எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துருவைச் சாராத கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகே அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லவேண்டும். அதன்பின் புள்ளி ஒன்று மட்டும் தனியே நகர்ந்துவிடாதபடி முழுச் சொல்லையும் குரூப் செய்யச் சொல்வதும் அவசியம்.