மனநிலையை உடலில் வரைதல்

மனச்சோர்வை வரைய உட்காருவோர் பெரும்பாலும் முகத்தில்தான் தொடங்குகிறார்கள். கண்ணில் நீரும் பின்னால் கறுப்பும் வந்துவிட்டால் படம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். முகத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். பிறர் முன்னால் முகத்தைச் சரிசெய்துகொள்ளச் சிறு வயதிலேயே பழகிவிடுகிறோம். தோளுக்கும் கைக்கும் அந்தப் பழக்கம் அவ்வளவாகப் படிவதில்லை.

ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நாற்காலி போட்டு, சோர்ந்த நாளில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து, கழுத்தும் தோளும் சேரும் கோட்டைச் சார்கோலால் முதலில் இடுங்கள். அடுத்து, வரையாத கை. அது எதைப் பற்றியிருக்கிறது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்து வரையுங்கள். இந்த ஒரு கைக்கே அரைமணி நேரம் கொடுக்கலாம்.

பிறகு நாற்காலியை மட்டும் அழித்துவிடுங்கள். ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே 1910-இல் தீட்டி, இன்று வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் தன்னுருவ ஓவியத்தில் அவர் அமர்ந்திருக்கிறார். கீழே இருக்கை இல்லை, கால்கள் பாதமின்றி முடிகின்றன, சுற்றிலும் வெறுமை. தாங்குவதற்கு ஏதுமில்லை என்பதை எந்தக் குறியீடும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஊரோடு ஒத்துப்போகாத வாழ்வை வரைய, எதிரே முறைத்து நிற்கும் கூட்டம் தேவையில்லை. மனநோயோடு வாழ்ந்து 1973-இல் மறைந்த, சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த கே. ராமானுஜம், பேனா மைக் கோடுகளால் எழுப்பிய மாயமாளிகைகளுக்குள் தொப்பி அணிந்த மனிதராகத் தம்மையே மீண்டும் மீண்டும் வரைந்தார். சித்தம் கலங்கியதால் வந்த கலை என்று அதைச் சொல்வது அநீதி. அது சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று தேர்ந்த கை. அப்படி உங்களுக்கே உரிய ஒரு பொருளை, மற்றவர்கள் விட்டுவிடச் சொல்லும் உடையையோ முடியையோ, எடுத்துக்கொண்டு, படத்திலேயே மிகுந்த அக்கறையோடு தீட்டப்பட்ட பகுதியாக அதை ஆக்குங்கள்.

வரையும்போது மனம் மேலும் அமிழ்ந்தால் நிறுத்திவிட்டு நெருங்கியவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்; இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் உதவி எண் 14416.

இனி முகம். சோர்ந்திருந்த அந்த வேளையில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தால், தொங்கிய தோளுக்கு மேல் அந்தச் சிரிப்பையே வரையுங்கள்.