எலைட் டேஞ்சரஸில பால்வீதியின்ர அந்தம் மட்டும் போக வெளிக்கிடுறவை விடுற பிழையள்

எலைட் டேஞ்சரஸ் எண்டுறது விண்வெளிக் கப்பல் ஓட்டுற ஒரு கம்பியூட்டர் கேம். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் அதை விளையாடுற ஆக்கள் கனக்க இல்ல, ஆனா விளையாடுறவைக்குள்ள ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்குது. ஏ.எல் சோதினை எழுதிப்போட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் வீட்டில நிக்கிற பெடியன் கேமை இறக்குவான், கொஞ்ச நாள் சாமான் ஏத்தி இறக்கிக் காசு சேப்பான், பிறகு ஒரு நாள் கலக்ஸி மப்பைத் திறந்து பெருப்பிச்சுப் பாத்துட்டு அந்தா அந்த மூலைக்குப் போறன் எண்டு வெளிக்கிடுவான். மூண்டில ஒரு பங்கு கூடப் போயிருக்க மாட்டான், வெறுத்துப்போய் கேமையே அழிச்சுப்போடுவான். இவ்வளவு வடிவான ஒரு கேமை ஆக்கள் இப்பிடி விட்டிட்டுப் போறது எனக்கு உண்மையாவே மனவருத்தம், அதான் இதை எழுதுறன்.

முதல்ல தூரம் எண்டா என்னெண்டு விளங்கோணும். 2014 டிசம்பரில ஃபிரொன்டியர் நிறுவனம் இந்தக் கேமை விடேக்க பால்வீதியை உள்ளபடி அளவிலயே செய்து விட்டவை, கிட்டத்தட்ட 40,000 கோடி நட்சத்திரத் தொகுதி இருக்கு. சூரியன்ல இருந்து நடுவில இருக்கிற சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளைக்கு 26,000 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக்கள் எல்லாம் போக ஆசைப்படுற பீகிள் பொயின்ட் அங்கால மற்ற அந்தத்தில, 65,000 ஒளியாண்டுக்கு மேல. ஒரு ஜம்ப்பில 60 ஒளியாண்டு பாயிற நல்ல கப்பல் வச்சிருந்தாலும் ஆயிரத்துக்கு மேல ஜம்ப், ஒரு ஜம்ப்புக்கு எரிபொருள் அள்ளுறதோட சேத்து ஒரு நிமிசம் எண்டு வச்சாலும் ஒண்டையும் நிண்டு பாக்காமலே 18 மணித்தியாலம், திரும்பி வர இன்னொரு 18. கேம் தொடங்கேக்க தாற சைட்வைண்டர் ஒரு தரத்துக்கு ஏழெட்டு ஒளியாண்டுதான் பாயும், அதில வெளிக்கிட்டா என்ன நடக்கும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

பெரிய பிழை என்னெண்டா, போற இடத்தை மட்டும் நினைச்சுக்கொண்டு போறது. பீகிள் பொயின்ட்டில போய் இறங்கினா அங்க ஒரு நட்சத்திரமும் கொஞ்சக் கிரகமும்தான் இருக்கு, ஸ்டேசன் இல்ல, உங்களை வரவேற்க ஆருமில்ல. அவ்வளவு ஜம்ப் அடிச்சதுக்கு அங்க என்னமோ தருவாங்கள் எண்டு நினைச்சுப் போறவைக்குத்தான் மனம் உடையுது. ஏ9 ரோட்டால போற எந்த வாகனமும் முறிகண்டியில நிக்காமப் போறேல்ல, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய உடைச்சு, கச்சான் வாங்கிக் கொறிச்சுக்கொண்டு பிறகுதான் வெளிக்கிடுவம், யாழ்ப்பாணம் எவ்வளவு அவசரமெண்டாலும் அப்பிடித்தான். இந்தப் பயணத்தையும் அப்பிடித்தான் கட்டோணும். ஆயிரம் ரெண்டாயிரம் ஒளியாண்டுக்கு ஒருக்கா ஒரு நெபுலாவோ, ஒரு கருந்துளையோ, வளையம் போட்ட கிரகமோ மப்பில பாத்துக் குறிச்சு வைச்சு, ஒவ்வொண்டிலயும் நிண்டு இறங்கி ரெண்டு படம் எடுத்துப் போங்கோ. 2018 டிசம்பர் அப்டேட்டில இருந்து ஒரு தொகுதிக்க நிண்டபடியே அங்க இருக்கிற எல்லாக் கிரகத்தையும் தேடிப் பிடிக்கிற ஸ்கானர் இருக்கு, அதுக்க நீலமா ஒரு தண்ணிக் கிரகம் வந்து நிக்கேக்க வாற சந்தோசத்துக்குத்தான் இந்தப் பயணமே.

முதல் பயணம் சின்னனா இருக்கட்டும். எங்கட ஆக்கள் கார்த்திகை எண்டு சொல்லுற நட்சத்திரக் கூட்டம் கேமிலயும் இருக்கு, 400 ஒளியாண்டு அளவுதான், ஒரு பின்னேரத்தில போய் வரலாம். அது பிடிச்சா ஓரையன் நெபுலா பக்கம், 1,300 சொச்சம். அதுவும் அலுக்கேல்ல எண்டாப் பிறகு பெரிசைப் பற்றி யோசியுங்கோ.

கப்பல் விசயத்தில ஒண்டைச் சொல்லாம விட ஏலாது, ஃபியூவல் ஸ்கூப். நட்சத்திரத்துக்குக் கிட்டப் போய் எரிபொருளை அள்ளுற சாமான் இது, இதில காசு மிச்சம் பிடிக்கிறவன் பிறகு ஒவ்வொரு நட்சத்திரத்திலயும் டாங்க் நிரம்புமட்டும் பாத்துக்கொண்டு நிப்பான், ஆயிரம் தரம் நிண்டா வெறுக்காம என்ன செய்யும், அதால ஏலுமான அளவு பெரிசாப் போடுங்கோ. ஜம்ப் எஞ்சினைத் தவிர மற்றச் சாமான் எல்லாம் டி தரம், அதுதான் பாரம் குறைவு, ஜம்ப் கூடும். கேமுக்க இருக்கிற எஞ்சினியர் ஃபெலிசிட்டி ஃபார்சியரிட்ட ஜம்ப் எஞ்சினைக் கூட்டிக்கொண்டு, ஜம்ப் தூரத்தைக் கூட்டுற கார்டியன் பூஸ்டரையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டா நாள்க்கணக்கு மிச்சம். இதுக்கு முதல் படுற கஷ்டத்தை ஆக்கள் வீண்வேலை எண்டு நினைக்கினம், அப்பிடி இல்ல.

எல்லா நட்சத்திரத்திலயும் எரிபொருள் அள்ள ஏலாது. கே, ஜீ, பீ, எஃப், ஓ, ஏ, எம் இந்த ஏழு வகையிலதான் ஏலும். எல், டீ, வை எண்டு வாற பழுப்புக் குள்ளன்களில ஒரு சொட்டும் வராது, அதுகள் வரிசையா வாற இடத்தில கவனமில்லாமப் பாய்ஞ்சுகொண்டு போனா நடு இருட்டுக்க டாங்க் காலி. மப்பில இந்த ஏழை மட்டும் தெரிவு செய்து பாதைக்கும் அதையே போடுற வசதி இருக்கு, வெளிக்கிட முதலே போட்டு விடுங்கோ. அப்பிடியும் மாட்டினா பயப்பிடாதேங்கோ, ஃபியூவல் ராட்ஸ் எண்டு 2015ல இருந்து சும்மா உதவி செய்யிற விளையாட்டுக்காரர் கூட்டம் ஒண்டு இருக்கு, கூப்பிட்டா ஆரோ ஒருத்தர் எரிபொருளைக் காவிக்கொண்டு வருவார், காசு கேக்கிறேல்ல. ஒக்சிஜன் முடியப் போகுதெண்டு நேரம் எண்ணத் தொடங்கினா மட்டும் வேற ஒண்டும் யோசிக்காம உடன மெயின் மெனுவுக்கு வந்துடுங்கோ, வெளியில நிக்கேக்க அந்த நேரம் ஓடாது, பிறகு ஆறுதலா அவையோட கதைக்கலாம்.

நியூட்ரோன் ஸ்டார் வழியாப் போனா ஒரு ஜம்ப் நாலு மடங்கு தூரம் பாயும், அந்த ஆசையில முழுப் பாதையையும் அதாலேயே போடுறதும் பிழைதான். அந்த நட்சத்திரத்தில இருந்து ரெண்டு பக்கமும் கூம்பு மாதிரிப் பீறிட்டு நிக்கிறதுக்கதான் போய் சார்ஜ் ஏத்தோணும், அந்தக் கூம்புக்க போகேக்க கப்பல் அலைக்கழியும், வேகத்தைக் குறைச்சு ஓரத்தில நுழைஞ்சு, சார்ஜ் ஏறினது எண்டு எழுத்து வந்த உடன மூக்கைத் திருப்பி வெளிய வாங்கோ. ஒவ்வொரு தரமும் ஜம்ப் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமா அடிபடும், அதைத் திருத்துற ஏ.எஃப்.எம்.யூ கட்டாயம் வேணும், அது தன்னைத் தானே திருத்தாது, ரெண்டு கொண்டு போனா ஒண்டு மற்றதைத் திருத்தும். கப்பலின்ர உடம்பு அடிபட்டா அதுக்கு ரிப்பேர் லிம்பெட், அதாவது திருத்துற சின்ன ட்ரோன். வெள்ளைக் குள்ளன் எண்ட சின்ன நட்சத்திரத்திலயும் இப்பிடிச் செய்யலாம், ஆனா அதுகளின்ர பக்கம் போகவே வேண்டாம், ஒண்டரை மடங்குதான் தரும், கூம்பும் நட்சத்திரத்தோட ஒட்டிக்கொண்டு நிக்கும், அதுக்க சிக்கின கப்பல் கனக்க.

இனி இறங்குற கதை, என்ர கண்ணுக்கு முன்னால நடந்தது. பரந்தன் பக்கத்துப் பெடியன் ஒருத்தன், நாள்க்கணக்காப் போய் மூண்டு ஜீக்கு மேல, அதாவது பூமியை விட மூண்டு மடங்குக்கு மேல ஈர்ப்பு இருக்கிற ஒரு கிரகத்தில இறங்கப் பாத்தவன். மேசையில பிளேன்ரீ ஆறிக்கொண்டு கிடக்கு, அவன் மூக்கைக் கீழ குத்தி நேர இறக்கிறான், ரெண்டு கிலோமீற்றர் உயரம் மட்டும் எல்லாம் சரி, பிறகு உயரத்தின்ர இலக்கம் கண்ணால வாசிக்க ஏலாத வேகத்தில குறையுது, அவன் மேல தூக்கிற பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டே இருக்கிறான், கப்பல் கேக்குதே இல்ல. பாரம் மிச்சம் பிடிக்க ஷீல்டைக் கழட்டிப்போட்டு வந்திருக்கிறான். நிலத்தில அடிச்ச உடன ஸ்கிரீன் வெள்ளையாப் போய், கப்பலைத் திருப்பி வாங்குற பக்கம் வந்து நிண்டுது. அவன் மௌஸைத் தொடாம அப்பிடியே இருந்தான், பக்கத்தில நிண்ட எங்களுக்கும் வாய் வரேல்ல.

இறங்க முதல் சிஸ்டம் மப்பில அந்தக் கிரகத்தின்ர ஈர்ப்பைப் பாக்கோணும். ஒண்டுக்கு மேல எண்டா கப்பலை மட்டமாப் பிடிச்சு, மூக்கைக் குத்தாம, மெல்ல மெல்ல உயரத்தைக் குறைக்கோணும், நடு நடுவில நிப்பாட்டிப் பாக்கோணும் கப்பல் சொல்லுக் கேக்குதா எண்டு. சின்ன ஷீல்ட் ஒண்டு எப்பவும் இருக்கட்டும், அதுக்காகக் குறையிற தூரம் ஒரு தூரமே இல்ல.

அவனுக்குக் கப்பல் போனது பெரிசில்ல, காப்புறுதி இருக்கு, அஞ்சு வீதம் கட்டினாக் கப்பல் வரும். போனது டேட்டா. வழியில ஸ்கான் பண்ணின கிரகம் அத்தனையும் ஒரு ஸ்டேசனில கொண்டு போய் வித்தாத்தான் கணக்கு, அதுக்கு முதல் கப்பல் வெடிச்சா எல்லாம் போச்சு. ஆரும் காணாத கிரகத்தில முதல் கண்டவர் எண்டு உங்கட பேர் விழுகிறதும் வித்தாப் பிறகுதான். அதால கையில கனக்கச் சேந்தா வித்துப்போட்டுப் போங்கோ. கொலோனியாவில, அதாவது 22,000 ஒளியாண்டு தூரத்தில, நிறைய ஸ்டேசன் இருக்கு, அங்க போற வழியிலயும் நடு நடுவில தங்குமிடம் இருக்கு. நடுக் கருந்துளைக்குக் கிட்ட எக்ஸ்புளோரர்ஸ் அங்கரேஜ் இருக்கு, 2019ல டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 எண்டு ஆயிரக்கணக்கான விளையாட்டுக்காரர் சேந்து போன பயணத்தில அவையே சாமான் கொண்டு போய்க் குடுத்து வந்த ஸ்டேசன் அது. 2020க்குப் பிறகு விளையாட்டுக்காரரின்ர ஃப்ளீட் கரியரும், அதாவது மற்றக் கப்பல்கள் வந்து இறங்குற பெரிய தாய்க்கப்பலும் அங்கங்க நிக்கும், சிலதில டேட்டா வாங்குவினம், ஒரு பங்கு வெட்டிக்கொண்டுதான், ஆனா பரவாயில்ல.

எங்கட பக்கத்துக்கெண்டு ரெண்டு விசயம். தனிய விளையாடினாலும் இந்தக் கேமுக்கு நெட் வேணும், நெட் இல்லாம ஓடவே ஓடாது, ஆனா இறக்கிறதுக்கும் அப்டேட்டுக்கும்தான் பத்துக் கணக்கில ஜீபி இழுக்கும், விளையாடேக்க அவ்வளவு போகாது, அதால இறக்கிறதை இரவு டேட்டாவில செய்யுங்கோ. மற்றது கரண்ட். 2022ல ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வெட்டின காலம் இப்ப இல்லயெண்டாலும் மழை இடி எண்டா போகத்தான் செய்யும், கரண்ட் போனா கப்பல் போகாது, கணக்கு எல்லாம் அவங்கட சேர்வரில இருக்கு, திரும்ப வந்து தொடரலாம். கூம்புக்க நிக்கேக்கயும் நிலத்துக்குக் கிட்ட நிக்கேக்கயும் மட்டும் மழை இருட்டிக்கொண்டு வாற நேரத்தைத் தவிருங்கோ.

சொல்ல மறந்துட்டன், ஆனி ஆடி மாசத்தில முல்லைத்தீவுப் பக்கம் வயல்வெளியில வெளிச்சம் இல்லாத இடமா நிண்டு இரவு தெற்கப் பாத்தா தனுசு ராசிப் பக்கம் பால்வீதி தடிப்பாத் தெரியும், கேமில நீங்கள் போற நடு அந்தப் பக்கம்தான். வெளிக்கிட முதல் ஒருக்காப் பாருங்கோ, பிறகு காணுற ஒவ்வொரு நட்சத்திரமும் வேற மாதிரித் தெரியும்.

ஏற்கெனவே நடுவழியில நிண்டு கவலைப்படுறவை, கப்பலை வெடிக்க வைச்சா கடைசியா டொக் பண்ணின இடத்துக்குத் திரும்பிடலாம் எண்டு அவசரப்பட வேண்டாம், டேட்டா எல்லாம் போயிடும். மப்பில கிட்ட இருக்கிற ஸ்டேசன் அல்லது கரியரைத் தேடி, ஒரு நாளைக்கு இருவது முப்பது ஜம்ப் மட்டும் எண்டு போய்ச் சேந்து, எல்லாத்தையும் வியுங்கோ. வித்தாப் பிறகும் மனம் வராட்டி அங்கயே டொக் பண்ணி விட்டிட்டு வேற ஏதும் விளையாடுங்கோ, கேமை அழிச்சாலும் கணக்கு அவங்களிட்ட இருக்கும், ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப இறக்கினாலும் கப்பல் அதே பாட்டில நிக்கும்.