501-ஆவது யூனிட்

வீட்டு மின்செலவும் ரசீதில் வரும் தகவலும்தான் நான் ஆராய்ந்த துறை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டு அக்கா "பில்லு ஏன் இப்படி எகிறுது?" என்று கேட்டால், நான் முதலில் கேட்பது மீட்டர் ரீடிங்கைக் குறிக்கும் ஈ.பி. கார்டைத்தான்.

தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டினீர்களா என்பதே கேள்வி. தமிழ்நாட்டின் 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், தாண்டினால் அதுவே 4.70. முதல் 100 இலவசம் என்பது மட்டும் அந்தக் கட்டணத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இவ்வளவு முக்கியமான எல்லையை ரசீதில் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ரீடிங் எடுத்துப்போன ஒரு மாதத்தில் நீங்களே மீட்டரைப் பாருங்கள். கேடபிள்யூஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண்ணிலிருந்து கார்டில் உள்ள கடைசி ரீடிங்கைக் கழியுங்கள். 250-ஐ நெருங்கினால் அடுத்த மாதம் சிக்கனம் பிடிக்க வேண்டும்.

எதில் சிக்கனம் பிடிப்பது? பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ். கடலூர்ப் புழுக்கத்தில் தினம் 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 67.5 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 27 போதும். ஹாலில் ஓயாமல் சுற்றும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். செல்போன் சார்ஜரைப் பிடுங்குவதெல்லாம் அப்புறம்.