எச்டிஎம்ஐ கேபிள்: எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம்

டிவியையும் சவுண்ட்பாரையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குபவர்கள்கூட, அவற்றை இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் என்று வரும்போது பில் போடும் நேரத்தில் கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய விலையில், தங்க முலாமும் துணிப் பின்னலுமாகப் பளபளக்கும் கேபிளாக இருக்கும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளைக் கொண்ட பழைய கேபிள்களின் வழியே சென்றது அனலாக் சிக்னல் என்பதால், கேபிள் மட்டமானதாக இருந்தால் படமும் மங்கியது. எச்டிஎம்ஐ கேபிளில் செல்வது டிஜிட்டல் சிக்னல். தரவு பிழையின்றிப் போய்ச் சேரும்வரை, விலை குறைந்த கேபிளிலும் விலை உயர்ந்த கேபிளிலும் வரும் படம் ஒன்றேதான். தன்னால் தாங்க முடியாத வேகத்தில் தரவை அனுப்பும்போது கேபிள் தடுமாறும் விதமே வேறு: முதலில், குறிப்பாக இருண்ட காட்சிகளில், வெள்ளைப் புள்ளிகள் பொறி பறப்பதுபோல் மின்னும், அடுத்து, ஓரிரு நொடிகள் திரை கறுத்து மீளும், கடைசியில் படமே வராது. ஆகவே நிறம் வெளிறியிருக்கிறது, முகங்கள் மழுங்கலாகத் தெரிகின்றன என்றால், கேபிளை மாற்றுவதற்கு முன் டிவியின் பட அமைப்புகளைப் பார்ப்பதே நல்லது.

கேபிளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் வேக வகை. 1.4, 2.0, 2.1 என்ற பதிப்பு எண்கள் கருவிகளின் திறனைக் குறிப்பவை. அட்டையில் பதிப்பு எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, வேக வகையைச் சொல்லாமல் விட்டிருக்கும் கேபிளை நான் வாங்குவதில்லை. 'ஹை ஸ்பீட்' வகை நொடிக்கு 10.2 ஜிகாபிட் வரை கடத்தும். 1080 வரிப் படம் தரும் செட்டாப் பாக்ஸுக்கும் சாதாரண ப்ளூரே பிளேயருக்கும் அதுவே தாராளம். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' வகையின் அளவு 18 ஜிகாபிட். நொடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படத்துக்கு, வழக்கமான 8 பிட் நிறத்தில் ஏறத்தாழ 17.8 ஜிகாபிட் தேவைப்படுவதால், அந்த வகை கச்சிதமாகப் பொருந்துகிறது. நொடிக்கு 120 பிரேமில் 4கே விளையாட்டு ஆடுபவருக்கும் 8கே டிவி வைத்திருப்பவருக்கும் 48 ஜிகாபிட் கடத்தும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' வேண்டும். உங்களிடம் இருப்பது 60 பிரேமுக்கு மேல் காட்டாத 4கே டிவி என்றால், இந்த வகையால் படத்தில் எந்த மாற்றமும் இருக்காது. விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் மட்டும் பின்னாளுக்காக வாங்கி வைக்கலாம்.

அடுத்தது நீளம், பணத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட வேண்டிய இடமும் இதுதான். செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூடச் சிக்னல் வலுவிழக்கும், வேகம் கூடினால் இன்னும் விரைவாக வலுவிழக்கும். இரண்டு மீட்டருக்குள் மலிவான கேபிளே பெரும்பாலும் போதும். ஐந்து மீட்டருக்கு மேல் 48 ஜிகாபிட்டைச் சாதாரண செம்புக் கேபிளிடம் எதிர்பார்ப்பது வீண். புரொஜெக்டருக்குக் கூரை வழியே இழுப்பதுபோன்ற வேலைகளுக்கு, உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கேபிளோ ஒளியிழைக் கேபிளோ தேவைப்படும். இவற்றில் பெரும்பாலானவை ஒரே திசையில்தான் இயங்கும்; பிளேயர் பக்கம் எது, திரை பக்கம் எது என்று முனைகளில் எழுதியிருக்கும். கூரைக்குள் இழுத்து மூடிய பிறகு, முனையை மாற்றிப் போட்டது தெரிந்து மறுபடி பிரித்த அனுபவம் எனக்கு உண்டு. இழுப்பதற்கு முன் தரையில் வைத்தே இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிரீமியம், அல்ட்ரா ஆகிய இரு வகைகளுக்கும் சோதனைச் சான்று உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை எச்டிஎம்ஐ அமைப்பின் செயலியால் ஸ்கேன் செய்து பார்க்கலாம். அல்ட்ரா வகையில் கேபிளின் மேலுறையிலேயே அதன் பெயர் அச்சிட்டிருக்கும். இந்தச் சான்று உள்ள சாதாரணப் பிராண்டு, சான்றில்லாத ஆடம்பரப் பிராண்டைவிட நம்பகமானது. தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைவிட, 19 பின்கள் கொண்ட அந்தச் சிறிய முனை ஆடாமல் பொருந்துகிறதா என்பதே முக்கியம். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குப் பின்னால் தடித்த கேபிளை மடக்கித் திணித்தால் டிவியின் போர்ட்டே தளர்ந்துபோகும். அங்கே மெல்லிய, வளையும் கேபிளே சிறந்தது.

சவுண்ட்பாருக்கென்று தனியாக விலையுயர்ந்த கேபிள் வேண்டாம். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும், ஏஆர்சி (ARC) என்று எழுதிய போர்ட்டில் செருகினால் போதும்.

வாங்கி வந்ததும், பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, டிவி அமைப்பில் அந்தப் போர்ட்டுக்கான உயர்தர சிக்னல் வசதியை இயக்குங்கள். பல டிவிகளில் அது அணைந்தே இருக்கும். பிறகு உங்கள் கருவி தரக்கூடிய மிக உயர்ந்த தரத்தில், இருண்ட காட்சிகள் நிறைந்த ஒரு படத்தை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். புள்ளிகள் மின்னினால் வேறொரு போர்ட்டில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அங்கும் மின்னினால் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.